மரத்துள் மரம்

விரற் பருமனே உள்ள மரப்பேனா ஒன்றில் மீன் உருவம் தெரிகிறது. தடவிப் பாருங்கள், மேடுமில்லை, பள்ளமுமில்லை. சாயமும் அன்று. ஒரு மரத்தில் இன்னொரு மரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். இதனைப் பதிப்பு வேலை என்பர்.

நம் நாட்டிற்கு இது புதிதன்று. மைசூர்க் கைவினைஞர் ஈட்டி மரத்தில் பள்ளம் செதுக்கி, முன்னாளில் தந்தத்தையும் இந்நாளில் பல நிற மரங்களையும் பதிக்கின்றனர். நாம் படிக்கும் இத்திருவனந்தபுரமோ தந்த வேலைக்கே பெயர் பெற்றது. திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணை 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் இடம் பெற்றது. 1986, 1991 ஆம் ஆண்டுகளின் சட்டத் திருத்தங்கள் தந்த வாணிபத்தை நிறுத்தின. உளி பிடித்தவர் பலர் மரத்திற்குத் திரும்பினர்.

பேனாவுக்கு இப்போது பதிப்புத் தொகுதிகளே விற்கின்றனர். லேசர் கதிரால் வெட்டிய சிறு துண்டுகள், அவை அமரத் துளையிட்ட மரக்குழல், உள்ளே செருகப் பித்தளைக் குழாய். கதிர் சுட்ட விளிம்பு சற்றுக் கறுத்திருக்கும். அதுவே சித்திரத்திற்குக் கோடாகவும் அமைந்துவிடுகிறது. உளியால் செதுக்குபவர் இதனைக் கலை என்று ஒப்பமாட்டார். ஒருவகையில் நியாயந்தான். ஆனால் லேசருக்கு மரத்தின் குணம் தெரியாது. அதை நாம்தான் அறிய வேண்டும்.

மரம் காற்றின் ஈரத்தை உண்டு உப்பும், வறண்டால் சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அன்று. பச்சைத் தேக்கு முற்றும் உலர்ந்தால் ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும். வளையத்திற்குக் குறுக்கே 2.5 தான், நீளவாக்கில் மிக மிகக் குறைவு. துண்டு உப்பினால் துளையும் உடன் விரியுமே என்பீர்கள். உண்மையே. ஆனால் துண்டு வேறு மரம். அதன் நார் ஓடும் திசையும் வேறு. ஆகவே, வறண்ட ஊரில் வெட்டிய துண்டு காரியவட்டத்து மழையில் துளைக்குள் நுழைய மறுப்பதில் வியப்பென்ன? உடனே அரத்தைத் தேடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் மூடி வையுங்கள்.

பசையின்றியே அனைத்தையும் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட வேண்டும். சயனோஅக்ரிலேட் பசை ஈரம் பட்டதும் இறுகும் இயல்பினது. நம் மழைக்காலத்தில் அது பெரும் அவசரக்காரன். இறுகியபின் கோணல் கோணல்தான். துண்டுகள் அமர்ந்ததும் ரப்பர் வளையமிட்டு, இடுக்கில் ஒரு துளி விட்டால் போதும். நுண்புழை ஏற்றத்தால் தானே உட்சென்று பரவும். ஈட்டியின் எண்ணெய்ப் பசை ஒட்டவிடாது. முன்னதாக அசிட்டோனால் துடைக்க வேண்டும். வெளிர் மரம் மெலிந்தபின் பித்தளை உள்ளிருந்து காட்டிக் கொடுக்கும். ஆதலால் குழாய்க்கு முன்பே கறுப்பு வண்ணம் பூசுவர்.

பிறகு கடைசல் பொறியில் ஏற்றி, கூரிய உளியால் மெல்ல மெல்லக் கடைய வேண்டும். உப்புத்தாள் தேய்க்கையில் ஈட்டியின் கருந்தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளில் புகும். ஈரத் துணியால் துடைத்தால் மீன் அழுக்காகிவிடும். காற்றை ஊதியே போக்குங்கள். அத்தூள் சிலருக்கு ஒவ்வாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்வது நலம்.