மலைச் சாலையில் ஜீப்: நான்கு சக்கர இயக்கமும் டிரான்ஸ்பர் பெட்டியின் இரைச்சலும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாசலூர்பட்டி முதலிய ஊர்களின் மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் மலைச் சாலை வழியேதான் சமவெளிச் சந்தைகளை அடைய வேண்டும். தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரையுள்ள சேற்றுத் தடத்திலோ, நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஜீப்பையே நம் அங்கத்தினர் பலர் நம்பியிருக்கின்றனர். மிளகு அறுவடைக் காலத்தில் ஒரு ஜீப் பத்து நாள் பட்டறையில் நின்றுவிட்டால், நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்பதில்லை. அவரை நம்பிய விவசாயிகள், வியாபாரி சொன்ன விலைக்குத் தோட்டத்திலேயே சரக்கைத் தள்ளிவிட நேருகிறது. இவ்விதம் நிற்கும் வண்டிகளில் பல, டிரான்ஸ்பர் பெட்டியின் பழுதால் நிற்பவை.

கியர் பெட்டிக்குப் பின்னால் பொருந்தியிருக்கும் இச்சிறு பெட்டியே எஞ்சினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்புகிறது. அமெரிக்காவில் 1941 முதல் போர் உபயோகத்துக்கென உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பின் அமைப்பைத் தழுவியே நம் நாட்டின் மகிந்திரா ஜீப்புகளும் தோன்றின. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இப்பெட்டிக்கு இரண்டு லீவர்கள் இருக்கும்: ஒன்று முன் அச்சை இணைப்பது, மற்றொன்று 'ஹை', 'லோ' மாற்றுவது. 'லோ'வில் சக்கரங்களின் இழுவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வேகம் அந்த அளவுக்குக் குறையும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முன் அச்சை இணைத்துவிட்டாலோ இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். சேற்றில் டயர் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது; ஆகவே முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் மீதும் ஷாப்டுகளின் மீதும் ஏறும். இவ்வகை வண்டியில் முன் அச்சை இணைத்தபடி 70 வளைவுகளையும் ஏறி இறங்குவோர், ஒவ்வொரு வளைவிலும் தம் பெட்டியைத் தாமே முறுக்குகின்றனர். "நாலு சக்கரமும் பிடித்தால் பத்திரம்" என்று சில ஓட்டுநர்கள் வாதிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். சேற்றுக்கு அது பொருந்தும், தார்ச்சாலைக்குப் பொருந்தாது. லீவர் வெளிவர மறுத்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம். வண்டியை நேராகச் சிறிது பின்னோக்கி நகர்த்தினால் முறுக்கம் தளர்ந்து லீவர் பெரும்பாலும் எளிதில் வந்துவிடும்.

முன் டயர் தேய்ந்து, பின் டயர் புதிதாக இருப்பினும் இதே தீங்கு உண்டு. டயரின் அரை விட்டத்தில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 மீட்டர் கணக்குப் பிசகும்.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு சக்கர இயக்கம் பிரேக்கின் சக்தியைக் கூட்டுவதில்லை. பாரத்துடன் இறங்குவோர் இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்து, எஞ்சினே வண்டியைத் தாங்கும்படி இறங்க வேண்டும். 'லோ' போடுவது செங்குத்தான மண் தடத்துக்கு உரியது. அதையும் வண்டியை நிறுத்தியே போட வேண்டும்.

இனி இரைச்சல். தறியின் ஓசை மாறியதும் எங்கே கோளாறு என்று நெசவாளர் அறிந்துகொள்கிறாரே, அந்தக் காது இங்கும் வேண்டும். நின்ற வண்டியில் கிளச்சை மிதித்ததும் இரைச்சல் அடங்கினால் கியர் பெட்டியைச் சந்தேகிக்கலாம். புறப்படும்போது 'டக்' என்று ஒரே அடி கேட்டால், ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். முன் அச்சை இணைத்தால் மட்டும் எழும் இரைச்சலை முன் ஷாப்டிலும் முன் அச்சிலும் தேட வேண்டும். பழைய பற்சக்கரப் பெட்டியில் எந்நேரமும் ஊளையிடும் ஓசை, பெரும்பாலும் நடுப் பற்சக்கரத்தின் ஊசிப் பேரிங்கும் அதன் தண்டும் தேய்ந்ததால் வருவது. இதைச் சோதிக்க, டிரான்ஸ்பர் பெட்டியை நியூட்ரலில் வைத்து, கியர் போட்டுக் கிளச்சை விட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் ஊளை தொடர்ந்தால் குற்றம் கியர் பெட்டியிலோ நடுப் பற்சக்கரத்திலோ இருக்கும். நின்றுவிட்டால் அதற்கப்பால் தேடலாம். சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே இதைச் செய்க. பெட்டி நியூட்ரலில் இருக்கையில், கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். புதிய வண்டிகள் சிலவற்றில் பற்சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. அது தளர்ந்தால் பாரம் ஏறும்போது துள்ளி அடிக்கும்.

வாசலூர்பட்டியில் ஓர் அங்கத்தினரின் பழைய ஜீப்புக்குப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்று பட்டறையில் மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தனர். கடன் மனுவுடன் அது நம்மிடம் வந்தது. எண்ணெய் பார்க்கும் திருகைக் கழற்றச் சொன்னோம். டிரான்ஸ்பர் பெட்டியில் எண்ணெய் அடியில் கிடந்தது. கியர் பெட்டியிலோ திருகைக் கழற்றியதும் வழிந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆயில் சீல் கெட்டு, ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குப் போயிருந்தது. சீலும் பேரிங்கும் தண்டும் மாற்றியதில் ஊளை நின்றது. புதிய பெட்டி வாங்க வேண்டியிருக்கவில்லை. அன்று முதல், இவ்வகைக் கடன் மனு எதுவாயினும் இரண்டு பெட்டிகளின் எண்ணெய் மட்டத்தையும், வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் இருந்ததா என்பதையும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி இணைக்குமாறு கேட்டு வருகிறோம்.