பொம்மை வண்டிக்குப் பாரம் ஏற்றுவோம்

மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். தமிழ்ப்பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்து ஒப்புவித்த அனைவருக்கும் இது தெரியும். பாரம் மிகுந்தால் என்ன நேரும் என்பதை வள்ளுவர் சொல்லிவிட்டார். பாரம் குறைந்தால் என்ன நேரும்? நண்பர்களே, இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சென்ற பருவ விடுமுறையில், பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில், பழைய தொலைக்கட்டுப்பாட்டு வண்டி ஒன்றை வாங்கினேன். நான்கு சக்கரங்களும் இயங்கும் பிக்கப் வகை. புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா வாசற்படியில் அமர்ந்து பார்த்தார். இருபத்தேழு ஆண்டுகள் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இடுப்பு வலி காரணமாக இப்போது ஓட்டுவதில்லை.

"என்னடா இது, காலி லோரி மாதிரி குதிக்குது. பாரம் ஏத்து," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். மறுநாள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு இயற்பியல் என்று விளங்கியது.

விளையாட்டுப் பொருள் அல்ல

சப்பானின் தாமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 என்னும் மகிழுந்தின் தொலைக்கட்டுப்பாட்டு மாதிரியை வெளியிட்டது. 1979இல் மணல்வெளியில் ஓடும் சாண்ட் ஸ்கார்ச்சர் வந்தது. அதன்பின் பந்தய வண்டிகள் ஒரு பக்கமாகவும், உண்மை வண்டியைப் போலவே மெதுவாகக் கல்லிலும் சேற்றிலும் ஊர்ந்து செல்லும் மாதிரிகள் மறு பக்கமாகவும் வளர்ந்தன. இரண்டாம் வகையில் வேகம் பெரிதல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு நிசமான வண்டியாகத் தெரிய வேண்டும், அதுவே வெற்றி. உருவத்தில் கதவும் விளக்கும் கண்ணாடியும் அச்சு அசலாக இருந்தும், ஓடத் தொடங்கியவுடன் பல வண்டிகள் பொம்மையாகிவிடுகின்றன. ஏன்?

புவியீர்ப்பு சிறியதாவதில்லை

வண்டியைச் சிறியதாக்கலாம், புவியீர்ப்பைச் சிறியதாக்க முடியாது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் வண்டியின் உண்மையான அளவைக் கண்டுபிடியுங்கள். பெட்டியில் பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இவ்வகை மாதிரிகளில் பரவலாகக் காணப்படும் தூரம் 313 மில்லிமீட்டர். லேண்ட்ரோவர் டிஃபெண்டர் 110 வண்டியில் அத்தூரம் 110 அங்குலம், அதாவது 2,794 மில்லிமீட்டர். வகுத்தால் 8.9 வரும். ஆகவே அந்த உடலைப் பூட்டிய மாதிரி பத்தில் ஒன்று அல்ல, ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று.

இனி, உண்மையான வண்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொட 0.45 நொடி ஆகும். நம் மாதிரி அதே விகிதத்தில் 11 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 0.15 நொடிதான். உயரம் 8.9 மடங்கு குறைந்தது. நேரமோ அதன் வர்க்கமூலமான 3 மடங்கே குறைந்தது. சின்ன வண்டியின் உலகில் விழுவது, ஆடுவது, சாய்வது எல்லாம் நம் உலகைவிட மூன்று மடங்கு விரைவாக நடந்து முடிகின்றன. கப்பல் மாதிரிகளை வைத்து ஆராய்ந்த இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்விதியைப் பயன்படுத்தினார். திரைப்படங்களில் மாதிரிக் கப்பலையும் மாதிரிக் கட்டடத்தையும் விரைவாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். கைப்பேசியில் வண்டியைப் படம்பிடித்து மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அது வெடவெடவென்று நடுங்கினால், குறை வண்டியின் அமைப்பில் இருக்கிறது. அதைத் திருத்தலாம்.

எவ்வளவு எடை?

நீளம், அகலம், உயரம் மூன்றும் 8.9 மடங்கு குறைவதால், எடை 8.9ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 705 மடங்கு குறைய வேண்டும். 2,000 கிலோ எடையுள்ள வண்டிக்கு ஏற்ற மாதிரி 2.8 கிலோ இருக்க வேண்டும். என் வண்டியை மின்கலத்தோடு அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தேன். 2.1 கிலோ. எழுநூறு கிராம் குறைவு! "காலி லோரி" என்று அப்பா சொன்னதற்கு முதல் சான்று கிடைத்துவிட்டது.

கடைகளில் இதற்கென்றே பித்தளைப் பாகங்கள் விற்கிறார்கள், விலை அதிகம். கோல சிலாங்கூர் மீன்பிடிக்கும் ஊர். பாசிர் பெனாம்பாங் பக்கம் போனால் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஈயம் பித்தளையைவிடக் கனமானது; குறைந்த இடத்தில் அதிக எடை சேர்க்கலாம். ஆனால் ஈயம் உடலுக்குக் கேடு. அதை ஒட்டுநாடாவால் முழுவதும் சுற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது?

எடையைக் கூட்டுவது எளிது. எங்கே கூட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மூன்று விதிகள் போதும்.

ஒன்று, தாழ வைக்க வேண்டும். கூரையில் 50 கிராம் கூடினாலும் மேட்டில் வண்டி புரள எளிதாகிவிடும்.

இரண்டு, சக்கரத்திலும் அச்சிலும் வைப்பது வேறு. சுருள்வில்லின் மேல் நிற்கும் சட்டத்தில் வைப்பது வேறு. பாறை ஏறும் போட்டிக்காரர்கள் சக்கரத்துக்குள்ளேயே பாரத்தை வைப்பார்கள். பிடிமானம் கூடும், வண்டி புரளாது. ஆனால் உடல் இலேசாகவே இருப்பதால், சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் அது தலையாட்டிப் பொம்மை போலத் துள்ளும். உண்மையான வண்டியில் எடையின் பெரும்பகுதி சுருள்வில்லின் மேல்தான் இருக்கிறது. ஆகவே நான் 500 கிராமைச் சட்டத்தின் அடியிலும் 200 கிராமை மட்டும் முன் அச்சிலும் வைத்தேன்.

மூன்று, முன்னும் பின்னும் பங்கிட வேண்டும். முன் சக்கரங்களைத் தராசிலும் பின் சக்கரங்களை அதே உயரமுள்ள புத்தக அடுக்கிலும் வைத்து அளந்து, பின்னர் மாற்றி அளந்தால் பங்கு தெரிந்துவிடும். பாரம் ஏற்றாத பிக்கப் வண்டிக்கு, இயந்திரம் இருக்கும் முன்பக்கம் சற்றுக் கனமாக இருப்பது இயல்பு. பாரம் ஏற்றிய லோரிக்கோ பின்பக்கமே கனம்.

சுருள்வில்: அப்பா பார்த்த கணக்கு

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன், லோரியில் எவ்வளவு செம்பனைக் குலை ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று. "பட்டை ஸ்பிரிங் எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பாத்தாலே தெரியும். படிஞ்சா வண்டி அடங்கும். படியலன்னா இடுப்பு போயிடும்," என்றார்.

இதையே இயற்பியல் வேறு மொழியில் சொல்கிறது. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமிழ்கிறதோ, அந்த அளவே வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதை முடிவு செய்கிறது. எடையைத் தனியாகவோ வில்லின் வலுவைத் தனியாகவோ அறிய வேண்டியதில்லை. அமிழ்வு ஒன்று போதும். உண்மையான வண்டி 100 மில்லிமீட்டர் அமிழ்ந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1.6 முறை ஆடும். நம் மாதிரியில் அதே விகிதத்தில் 11 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் நொடிக்கு 4.7 முறை ஆடும். மூன்று மடங்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மீண்டும் அதே 1.6! அமிழ்வைச் சரியாக்கினால் ஆட்டமும் தானே சரியாகிவிடும்.

என் வண்டியில் அமிழ்வு வெறும் 6 மில்லிமீட்டர். பாரம் ஏற்றிய பிறகு 8 ஆனது. 11 வேண்டுமென்றால், இப்போதுள்ள வில்லின் வலுவில் முக்கால் பங்கு உள்ள மென்மையான வில் தேவை. மாற்றினேன்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அதிர்வுத் தாங்கியின் மேலுள்ள வளையத்தைத் திருகி இறக்கினால் வில் கடினமாகிறது என்று நினைக்கிறார்கள். அது வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும். வில்லின் வலு மாறாது. வளையத்தை முழுவதும் தளர்த்திவிட்டே அமிழ்வை அளக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து வண்டி தன் எடையில் நிற்கும் நிலை வரை உள்ள வேறுபாடே அமிழ்வு.

எண்ணெய்

வில் மட்டும் இருந்தால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தை அடக்குவது அதிர்வுத் தாங்கிக்குள் இருக்கும் எண்ணெய். சிறு துளைகள் வழியே அது நெருங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. எண்ணெய்க் குப்பியில் 30, 40 என்று எண் இருக்கும். ஒரே நிறுவனத்தின் எண்ணெயில் எண் கூடக் கூட அது கெட்டியாகும்.

சோதனை எளிது. வண்டியை அழுத்திக் கையை எடுங்கள். மேலே எழுந்து, சற்றே மிஞ்சி, திரும்ப வந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் இளகல். சோம்பலாக எழுந்து பாதியில் நின்றால் எண்ணெய் மிகக் கெட்டி. நண்பகல் வெயிலில் எண்ணெய் இளகும் என்பதால், ஓட்டப்போகும் நேரத்திலேயே இச்சோதனையைச் செய்யுங்கள்.

வேகம்

வண்டியைச் சரிசெய்துவிட்டு விரலைச் சரிசெய்யாமல் விட்டால் பயனில்லை. தோட்டச் சாலையில் பாரம் ஏற்றிய லோரி மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் வகுத்தால் 5. நாம் நடக்கும் வேகம்! வண்டியின் பின்னாலேயே நடந்து செல்ல முடிந்தால் வேகம் சரி. ஓட வேண்டியிருந்தால் தவறு.

ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. சாலையின் கல்லும் மண்ணும் சிறியதாவதில்லை. நமக்கு 2 சென்டிமீட்டர் சரளைக்கல், மாதிரி வண்டிக்கு 18 சென்டிமீட்டர் பாறை. எனவே கல் சலித்த, மழை பெய்து காய்ந்த செம்மண் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தச் சாலையும் இந்த மொழியும்

நம் நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917இல், எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அதற்கு அருகில் உள்ளது. வெட்டிய குலை தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், மழையானாலும் சேறானாலும் லோரி ஆலைக்குப் போயாக வேண்டும். அப்பாவைப் போன்றவர்கள் அந்தச் சாலைகளில் காலி வண்டியோடு போய்ப் பாரத்தோடு திரும்பினார்கள். காலியாகப் போன ஒவ்வொரு முறையும் குதித்த குதிப்பை அவர்கள் இடுப்பு வாங்கியது.

இடைநிலைப்பள்ளியில் நான் இயற்பியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். ஜிசிம், இனர்சியா, பிரெகுவென்சி எல்லாம் தெரியும். தேர்விலும் நல்ல புள்ளிகள். ஆனால் அதில் ஒரு வரியைக்கூட வீட்டில் சொன்னதில்லை. சொல்லத் தமிழ் இல்லை என்று நினைத்திருந்தேன். பள்ளிப் பாரங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "லோரி ஓட்டுநர்" என்று எழுதும்போது கையெழுத்தைச் சிறியதாக்கிக்கொண்டவனும் நான்தான். படிதல், அடங்குதல், பாரம் என்று அப்பா சொன்ன சொற்களே எனக்கு வேண்டிய கலைச்சொற்கள் என்பதை ஒரு பொம்மை வண்டி சொல்லிக்கொடுத்தது.

எல்லாம் முடித்த மாலையில் வண்டியின் பின்தட்டில் அப்பா கையாலேயே உதிரிப் பழங்களை நிரப்பினார். வண்டி பின்பக்கம் படிந்து, பள்ளத்தில் மெல்ல இறங்கி, ஒரு முறை அசைந்து, அடங்கி ஏறியது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இப்பப் பாரம் தெரியுது," என்றார். "ஆனா வளைவுல ரொம்ப வேகமாத் திருப்புற. பழம் கொட்டிடும்."

கட்டுப்பாட்டுக் கருவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது நீங்கள் படிக்கும் பாடத்தில் ஒன்றை எடுத்து, உங்கள் தாய் தந்தையரின் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கிடைத்துவிடும்.