வலது பக்கம் உஷார், ஸார்!

மிதிக்கும்போதெல்லாம் 'கடக்... கடக்...' என்று சத்தமா? செயின் மேல் பழி போடாதீர்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். எதிர்ப்பக்கக் கிராங்கும் சேர்ந்து ஆடினால், நடுவில் பால்ரஸ் காலி!

நமக்கு வாசம் புதுச்சேரி. கடல் உப்பும் ஐப்பசி மழையும் கிரீஸைக் கழுவிவிட்டுத் துருவைக் குடிவைத்துவிடும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் என் மவுண்டன் பைக்குக்கு வராந்தாவிலேயே ஓவராயில்.

கிராங்கைக் கழற்றப் புல்லர்தான். சுத்தியல் கூடவே கூடாது. இடது கப், லாக் ரிங்கை எடுத்துவிட்டால் வழக்கம்போல் கழன்று வரும். வலது கப்? அங்கேதான் கண்டம்! அது இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போச்சு. மரை போனால் ஃபிரேமே காயலான் கடைக்கு!

பி.காம். மூளைக்கு எட்டிய சூத்திரம்: டெபிட் பக்கம் வழக்கப்படி, கிரெடிட் பக்கம் தலைகீழ்.

ஏன் இந்தக் கோணல்? மிதிக்க மிதிக்க, உருளும் குண்டுகள் கப்பை எதிர்த்திசையில் மெல்ல நகர்த்தும். சாதா மரை என்றால் வலது கப் தானே கழன்றுவிடும்.

பிரெஞ்சுக்காரர் வழி தனி வழி. அவர்கள் 1954-ல் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் பரணில் தாத்தாவின் பிரெஞ்சு சைக்கிள் இருந்தால், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரை. ஜாக்கிரதை!

குண்டு கால் அங்குலம். கூடு இல்லாவிட்டால் பக்கத்துக்கு 11. பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். கப்பிலோ ஆக்ஸிலிலோ குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் சுற்றினால், லாக் ரிங்கைப் பூட்டுங்கள்.

அப்புறமென்ன, திங்கட்கிழமை லேட்டாகப் போனாலும் மானேஜர் காதில் விழாது!