யாரும் எழுதி வைக்காத சட்டங்கள்



பேருந்தில் ஏறுகிறீர்கள். எல்லா இருக்கைகளும் காலி. ஒரே ஒரு தாத்தா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நேராகப் போய் அவரை ஒட்டி உட்காருவீர்களா? மாட்டீர்கள். வேறு இடம் பார்ப்பீர்கள். ஏன்? அப்படி ஓர் அறிவிப்பு எங்கும் இல்லை. பள்ளியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது!

“அட, ஆமாம், எப்படித் தெரிந்தது?” என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? சபாஷ்! பெரிய பெரிய அறிஞர்களும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தை ஆராயும் அறிவியலுக்குச் சமூகவியல் என்று பெயர். நாம் பேசும் இந்த எழுதாத விதிகளை அது ‘சமூக நெறிகள்’ என்கிறது.

உயரத்தில் பறக்கும் பட்டத்தைப் பாருங்கள். தூரத்தில் நிற்பவருக்கு நூல் தெரியாது. அறுந்து பட்டம் தள்ளாடும்போதுதான், இவ்வளவு நேரம் நூல் இருந்தது புரியும். நெறிகளும் அப்படித்தான்.

ஹரால்டு கார்ஃபிங்கெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அந்த நூலை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். “வீட்டுக்குப் போங்கள். கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, அந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியவர் போல நடந்துகொள்ளுங்கள். யாராவது பேசினால் மட்டும் பேசுங்கள். மிக மரியாதையாக இருங்கள்.” இவ்வளவுதான் வேலை.

என்ன ஆயிற்று தெரியுமா? வீடுகளில் ஒரே குழப்பம்! உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கோபமா என்று கேட்டார்கள். ஒரு மாணவர் அம்மாவிடம், குளிர்பெட்டியிலிருந்து கொஞ்சம் தின்பண்டம் எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். இத்தனை வருஷமாகக் கேட்காமலே எடுத்துத் தின்கிறாய், இன்று உனக்கு என்ன வந்தது என்று அம்மா திகைத்துவிட்டார். 1967இல் வெளிவந்த தம் நூலில் கார்ஃபிங்கெல் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் நின்று யோசிப்போம். அந்த மாணவர் தப்பாக ஒன்றும் பேசவில்லையே? பக்கத்து வீட்டில் இப்படிக் கேட்டிருந்தால் ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டியிருப்பார்கள். சொந்த வீட்டிலோ அதுவே விதிமீறல் ஆகிவிட்டது! மகன், விருந்தாளி, மாணவர் என்று ஒருவருக்கே பல ‘பங்குகள்’ உண்டு. பங்கு மாறினால் விதியும் மாறும். புரிகிறதா?

எல்லா நெறிகளும் ஒரே கனம் உள்ளவை அல்ல. வில்லியம் கிரகாம் சம்னர் என்ற அறிஞர் 1906இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டால், கொஞ்சம் முறைப்பார்கள், அவ்வளவுதான். அது வெறும் வழக்கம். திருடினால்? ஊரே கொதிக்கும். அது ஒழுக்க நெறி.

இந்த விதிகளையெல்லாம் இயற்கை தந்ததா? இல்லவே இல்லை. மனிதர்கள் உண்டாக்கியவை. மனிதர்கள் மாற்றவும் முடியும். ஸ்வீடன் நாட்டில் எல்லோரும் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டினார்கள். 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு நாடு முழுவதும் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது!

மாற்றியே தீர வேண்டிய வழக்கங்களும் உண்டு. நம் நாட்டில் சில ஊர்த் தேநீர்க் கடைகளில் சில சாதியாருக்கு மட்டும் தனிக் குவளை வைத்தார்கள். கேட்டால், ‘வழக்கம்’ என்றார்கள். அது வழக்கமல்ல, கொடுமை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால், சட்டம் ஒரே நாளில் மாறும். மனசு மாற நாளாகும். அதனால்தான் அந்தக் கொடுமை இன்னும் முழுதாகத் தொலையவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நாளை வகுப்பிலும் வீட்டிலும் தெருவிலும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் 5 விதிகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது யாருக்கு உதவுகிறது, யாரை நோகடிக்கிறது என்றும் எழுதி எனக்கு அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.