பூங்கா யார் வீட்டுச் சொத்து?

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ மனை வாங்கப் போகிறீர்களா, சார்? லே-அவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘வெறும் முள்ளுச்செடிதானே கிடக்கு!’ என்று விட்டுவிடாதீர்கள். அப்படியொரு கட்டத்துக்காகச் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறார்கள்!

பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, 1976-ல் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். உத்தரவு முதலமைச்சரிடமிருந்து! அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். ‘கேட்க இவங்க யாரு? ஆஸ்பத்திரியும் ஜனங்களுக்குத்தானே?’ என்று எதிர்த்தரப்பு மடக்கியது. 1991-ல் தீர்ப்பு: அங்கே குடியிருப்பவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு, முதலமைச்சரே சொன்னாலும் பூங்கா பூங்காதான்!

நம்மூர் விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீத இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரவேண்டும். நகராட்சியில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவுன்சிலர் மாறலாம், கட்சி மாறலாம்... கட்டம் மாறக்கூடாது!