ஆறுதல் சொல்வதெல்லாம் ஆண்டவரின் வார்த்தையா?

“அடுத்த காலபோகத்திற்கு ஊரில் நிற்பீர்கள், இது ஆண்டவரின் வாக்கு” என்று ஒருவர் சொன்னால், இடம்பெயர்ந்தவர் மனம் குளிரும். ஆனால், அது மெய்யா என்று அறிவது எப்படி? எரேமியா 27 முதல் 29 வரையுள்ள அதிகாரங்கள் இதற்கு வழிகாட்டுகின்றன.

கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேம் மக்களில் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றான். இரண்டே வருடத்தில் அவர்கள் திரும்புவார்கள் என்று அனனியா ஆலயத்தில் அறிவித்தான். எரேமியாவும் அப்படி நடக்கவே விரும்பினார். ஆயினும், கடவுள் தந்த செய்தி வேறு. எனவே, வீடு கட்டவும், தோட்டம் செய்யவும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைக்கவும், தாங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடவும் சொல்லி, சிறைப்பட்டோருக்குக் கடிதம் எழுதினார். எழுபது வருடத்தின் பின் திரும்புவார்கள் என்ற நம்பிக்கையையும் அதில் கொடுத்தார்.

அனனியா சொன்னது நடக்கவில்லை. கி.மு. 538 அளவில், பாரசீக அரசன் கோரேசின் காலத்திலேயே மக்கள் திரும்பத் தொடங்கினர்.

ஆகவே, ஒரு போதனையைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்:

1. அது வேதாகமம் முழுவதோடும் ஒத்துப்போகிறதா?
2. நம் குற்றத்தையும் உணர்த்துகிறதா, அல்லது நாம் விரும்புவதை மட்டும் சொல்கிறதா?
3. இன்று செய்யவேண்டிய வேலைக்கு நம்மை எழுப்புகிறதா, அல்லது கைகட்டிக் காத்திருக்கச் செய்கிறதா?

இருக்கும் இடத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுவது சொந்த ஊரை மறப்பதல்ல. எரேமியாவின் கடிதத்தில் தோட்டமும் இருந்தது, திரும்பும் நம்பிக்கையும் இருந்தது.