எண்ணிப் பேசு மச்சி!

ப்ளேஸ்மென்ட் சீஸன்ல ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய், கைக்குக் கிடைச்ச ரெஸ்யூமேக்களை எல்லாம் வாங்கிப் புரட்டிப் பாருங்க. 'சாஃப்ட்வேர்ஸ் நோன்', 'எக்யூப்மென்ட்ஸ் ஹேண்டில்டு'னு போல்டு லெட்டர்ல ஒரு தலைப்பு எங்கேயாவது கம்பீரமா நிக்கும். அர்த்தம் புரியாமப் போகாதுதான். ஆனா, கட்டுக் கட்டா ரெஸ்யூமே பார்க்கிற ஹெச்.ஆர். கண்ணுக்கு அந்தக் கடைசி 'ஸ்' இருக்கே... அது சாதத்துல தட்டுப்படற கல்லு!

இங்கிலீஷ்ல சில பெயர்ச்சொற்களை எண்ணலாம். சிலதை எண்ணவே கூடாது. கவுன்ட்டபிள், அன்கவுன்ட்டபிள்னு ஸ்கூல்ல படிச்சு, பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்த அதே மேட்டர்தான். குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூ, ஆபீஸ் மெயில்னு திரும்பின பக்கமெல்லாம் இது நம்மை மடக்குது. ஆனா பயப்படாதீங்க பாஸ், இதுல பாதி கிணறு நமக்கு ஏற்கெனவே தாண்டத் தெரியும்!

எத்தனையா... எவ்வளவா?

கடையில போய் 'எத்தனை அரிசி வேணும்?'னு யாராவது கேட்பாங்களா? 'எவ்வளவு அரிசி?'னுதான் கேட்பாங்க. அதே கடையில வாழைப்பழம்னா 'எத்தனை பழம்?'. தண்ணி, எண்ணெய், நேரம், சந்தோஷம் எல்லாம் 'எவ்வளவு' கட்சி. பென்சில், பஸ், அரியர் எல்லாம் 'எத்தனை' கட்சி. 'மெனி'ங்கறது எத்தனை, 'மச்'ங்கறது எவ்வளவு. அவ்ளோதான்! சந்தேகம் வர்றப்ப மனசுக்குள்ள தமிழ்ல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, முக்கால்வாசி நேரம் விடை வந்துடும்.

மீதி கால்வாசியிலதான் சிக்கல். தமிழ்ல 'ரெண்டு மாடு', 'பத்து புக்'னு சொன்னாலே போதும், 'கள்' விகுதி கட்டாயமில்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' ரெண்டுமே சரி. நன்னூல் இதுக்கு 'பால்பகா அஃறிணைப் பெயர்'னு பேரே வெச்சிருக்கு. அந்த சுதந்திரத்துல வளர்ந்த நாம, இங்கிலீஷ்னு வந்ததும் உஷாராகி, ஒண்ணுக்கு மேல இருக்கிற எல்லாத்துக்கும் ஒரு 'ஸ்' ஒட்டிடறோம். பஸ்ல கண்டக்டர் 'எத்தனை லக்கேஜ்?'னு கேட்டா தமிழ்ல ஓகே. இங்கிலீஷ்ல லக்கேஜை எண்ண முடியாது, பேக்கைத்தான் எண்ணணும்!

ஹாஸ்டல் சுவத்துல ஒட்ட..!

'ஸ்' சேர்க்கக் கூடாத முக்கியமான ஆட்கள் இவங்க: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்யூப்மென்ட், மெஷினரி, சாஃப்ட்வேர், ஹார்ட்வேர், ஹோம்வொர்க், ஃபீட்பேக், ட்ராஃபிக்.

எண்ணியே ஆகணும்னா, முன்னாடி 'பீஸ் ஆஃப்' சேர்த்து 'டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ்'னு சொல்லலாம். இல்லைன்னா எண்ணக்கூடிய சொந்தக்காரனைக் கூப்பிடணும். மெஷினரிக்கு மெஷின், ஃபர்னிச்சருக்கு சேர், ட்ராஃபிக்குக்கு வெஹிக்கிள், மணிக்கு ருப்பீஸ். ரெஸ்யூமேல 'சாஃப்ட்வேர் ஸ்கில்ஸ்'னு போட்டா பிரச்னையே இல்ல. 'நியூஸ்' மட்டும் தனி கேஸ். கடைசியில 'ஸ்' இருந்தாலும் அது ஒருமைதான். 'தி நியூஸ் இஸ் குட்'!

இதுல லாஜிக் தேடினா மண்டை காயும். 'வீட்' அன்கவுன்ட்டபிள், 'ஓட்ஸ்' பன்மை. ரெண்டுமே தானியம்தான். பிரெஞ்சுக்காரங்களும் ஜெர்மன்காரங்களும் இன்ஃபர்மேஷனைத் தாராளமாப் பன்மையாக்கறாங்க. இங்கிலீஷ்ல மட்டும் தடா. அதனால, எண்ணலாமா கூடாதாங்கறது பொருளோட குணம் இல்லை, அந்தந்த மொழியோட பழக்கம். அதுவும் மாறும். பட்டாணிக்கு முன்னாடி 'பீஸ்'னுதான் பேரு, அரிசி மாதிரி மொத்தமாச் சொல்ற வார்த்தை. கடைசி 'ஸ்' பன்மை போலன்னு நினைச்சு, 17-ம் நூற்றாண்டுல 'பீ'னு ஒரு ஒருமையைப் புதுசாவே உருவாக்கிட்டாங்க!

டபுள் ஆக்‌ஷன் ஹீரோக்கள்

சில வார்த்தைகள் சீனுக்கு சீன் வேஷம் மாத்தும். எழுதற காகிதம்னா 'பேப்பர்' அன்கவுன்ட்டபிள். செமஸ்டர்ல வெச்ச பேப்பர்னா எண்ணி எண்ணிக் கண்ணீர் விடலாம். தலையில இருக்கிற மொத்த முடியும் 'ஹேர்', சாம்பார்ல கிடந்தா மட்டும் 'எ ஹேர்'. டீயை எண்ணக் கூடாது, ஆனா கடையில 'டூ டீஸ் ப்ளீஸ்'னா அது ரெண்டு கப்னு அர்த்தம், தப்பே இல்லை. வேலை அனுபவம்னா 'எக்ஸ்பீரியன்ஸ்'. டூர்ல நடந்த கூத்துகள்னா 'எக்ஸ்பீரியன்ஸஸ்'. 'ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்'னு மட்டும் சொல்லிடாதீங்க. 'வொர்க்ஸ்'னா கலைஞனோட படைப்புகள், இல்லைன்னா தொழிற்சாலை!

ஒத்த எழுத்து வில்லன்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காமெடி டிராக். இப்ப வர்றவன்தான் நிஜ வில்லன். 'ஆட்டோகேட் தெரியுமா?'னு இன்டர்வியூல கேக்கறாங்க. அடக்கமா பதில் சொல்றதா நினைச்சு, 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்'னா என்ன அர்த்தம் தெரியுமா? 'எனக்கு அனுபவமே கிடையாதுங்க'! சொல்ல வேண்டியது 'எ லிட்டில்'. அந்த 'எ' இருந்தா 'கொஞ்சம் இருக்கு', இல்லைன்னா 'இல்லவே இல்லைங்கற அளவுக்குக் கம்மி'.

'ஃப்யூ'வும் அதே ரகம். 'ஐ காட் எ ஃப்யூ ஆஃபர்ஸ்'னா சில ஆஃபர்கள் வந்தது. 'ஃப்யூ ஆஃபர்ஸ்'னா ஏதோ பேருக்கு வந்ததுன்னு சோகம். எண்ணக் கூடியதுக்கு 'ஃப்யூ', எண்ணக் கூடாததுக்கு 'லிட்டில்'. 'எ'யை விட்டா இலக்கணம் தப்பாகாது, ஆனா நீங்க சொல்ல வந்த விஷயமே தலைகீழாயிடும். எதிர்ல இருக்கிறவர் நீங்க தப்பாப் பேசினதா நினைக்க மாட்டார், உங்களுக்கு வேலை தெரியாதுன்னு நினைப்பார்!

வெள்ளைக்காரனுக்கும் தகராறு

'லெஸ்' எண்ணக் கூடாததுக்கு, 'ஃப்யூவர்' எண்ணக் கூடியதுக்குன்னு ஒரு ரூல் உண்டு. ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் 1770-ல 'இப்படிச் சொன்னா நல்லா இருக்கும்'னு எழுதிவெச்சது, பின்னாடி சட்டமாவே ஆயிடுச்சு. அதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே ஜனங்க ரெண்டுக்கும் 'லெஸ்'தான் சொல்லிட்டு இருந்தாங்க. 2008-ல பிரிட்டன்ல டெஸ்கோ சூப்பர் மார்க்கெட், பில் போடற க்யூவுல வெச்சிருந்த '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' போர்டு தப்புன்னு புகார் வந்ததால, 'அப் டு 10 ஐட்டம்ஸ்'னு மாத்திட்டு ஒதுங்கிடுச்சு. தூரம், நேரம், பணத்துக்கு மட்டும் எப்பவும் 'லெஸ்'தான்: 'லெஸ் தேன் 50 ருப்பீஸ்'.

அங்கேயே இப்படின்னா நாம தயங்க வேண்டியதே இல்லை. பேசறப்ப குழப்பம் வந்தா 'எ லாட் ஆஃப்' கை கொடுக்கும், அது ரெண்டு கட்சிக்கும் பொது. ரெஸ்யூமேக்கு மட்டும் பிரின்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, 'எத்தனையா, எவ்வளவா'னு ஒவ்வொரு 'ஸ்'ஸையும் விசாரிச்சுடுங்க. இப்ப வார்த்தையை எண்ணுங்க மச்சி... ஆஃபர் லெட்டரை அப்புறம் எண்ணிக்கலாம்!